புளி போட்டு மினுக்கின சீமாட்டி

1

ஊரிலை இருந்து இதை வாசிக்கிற ஆரும் என்னைப் பற்றி நல்லபடியா நினைச்சுக்கொண்டிருந்தால், அதை இதோடை விட்டிடுங்கோ. நான் ஒரு பொறாமைக்காரி. மற்றவளின்ரை வீடு வாசலுக்கும் நகை நட்டுக்கும் பொறாமைப்படுற ஆக்களை நீங்கள் கண்டிருப்பியள். நான் செய்த பிழையை இன்னொருத்தி தன்ரையெண்டு சொல்லிக் கைதட்டு வாங்கினாளெண்டு வயிறு எரிஞ்சவள் நான். இப்பிடி ஒருத்தியைக் கண்டிருக்க மாட்டியள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்குக் கீழை பலெர்மோ நகரத்துப் பல்லாரோச் சந்தையிலை கடைசி மீனைக் கத்திக் கத்தி வித்துக்கொண்டிருந்தாங்கள். நான் குசினிக்கை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டன். என்ரை மகள் மதுஷா, பதினேழு வயது, போனைக் கொண்டுவந்து என்ரை மூக்குக்கு முன்னாலை நீட்டினாள்.

"அம்மா, வசந்தா அன்ரி அனுப்பியிருக்கிறா. பாருங்கோ."

ஒரு வீடியோ: இங்கிலாந்திலை ஒரு சின்னக் கிராமத்துத் தேவாலயம். இருபது முப்பது வெள்ளைக்காரர் வட்டமா நிக்கினம். நடுவிலை என்ரை சிநேகிதி வசந்தா, நீலக் கோட்டு, நெஞ்சிலை ஒரு அட்டை. குனிஞ்சு கம்பளத்தைச் சுருட்டுறாள். அதுக்குக் கீழை, நிலத்துக் கல்லிலை பதிச்சபடி ரெண்டு பித்தளை உருவம்: ஒரு பிரபுவும் அவரின்ரை மனிசியும். அவர் கறுத்துப்போய்க் கிடக்கிறார். மனிசி தங்கம் மாதிரி மினுங்கிறா. வசந்தா இங்கிலீசிலை என்னவோ சொல்ல எல்லாரும் கொல்லெண்டு சிரிச்சிச்சினம். ஒரு கிழவி கண்ணைத் துடைச்சா. பேந்து கைதட்டு.

"என்னவாம்?" எண்டு கேட்டன்.

"போன வருஷம் தான்தான் புளி போட்டு இந்தச் சீமாட்டியை மினுக்கினதாம். எங்கடை ஆக்கள் நல்லநாளுக்கு முதல் நாள் விளக்கு மினுக்கிற மாதிரியாம். ஐந்நூறு வருஷத்திலை அந்த மனிசி முகம் கழுவினது அண்டைக்குத்தானாம். புருசன் இன்னும் வரிசையிலை நிக்கிறாராம்."

மது இதைச் சொல்லேக்கை சிரிக்கேல்லை. என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டாள். நான் கத்தியைக் கீழை வைச்சன். ஏனெண்டால் அந்தச் சீமாட்டியை மினுக்கினது வசந்தா இல்லை. நான்.

2

வசந்தா ஆரெண்டு சொல்லவேணும். ரெண்டுபேரும் ஒரே கிழமையிலை இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து சேந்தனாங்கள். அல்பெர்கேரியா எண்ட பழைய பகுதியிலை ஈரம் ஊறின ஒரு அறை. நடுவிலை ஒரு சீலையைக் கட்டித் தொங்கவிட்டிட்டு, அந்தப்பக்கம் அவளும் புருசனும், இந்தப்பக்கம் நானும் இவரும். அப்பிடி ஆறு வருஷம். வேலையும் ஒரே சின்யோராவின்ரை, அந்த ஊர்ப் பணக்கார அம்மா ஒருத்தியின்ரை, வீட்டிலைதான். திங்கள், செவ்வாய், புதன் அவள் போவாள், மிச்ச நாள் நான். நிலம் துடைக்கிறது, அயன் பண்ணுறது, கதவுக் கைபிடி மினுக்கிறது. விருந்தாளியள் வருகினமெண்டால் முதல் நாளே அந்த வீட்டிலை கறுத்த பித்தளையெண்டு ஒண்டு கண்ணிலை படக்கூடாது. அது சின்யோரா போட்ட சட்டம். எங்கடை வீடுகளிலையும் அதுதானே சட்டம். இந்த ரெண்டு சட்டமும் சேந்து என்ரை கையிலை ஏறிப்போய் இருக்குதெண்டதை ஞாபகம் வைச்சிருங்கோ.

வசந்தாவுக்கு அப்பவே ஒரு விசர் இருந்தது. றோட்டிலை போகேக்கை அண்ணாந்து பாப்பாள். ஒருநாள் கொட்டுற மழை. ரெண்டு கையிலையும் அரிசியும் மீனும். அவள் ஒரு பழைய மாளிகை வாசலிலை நிண்டு கல்லுச் சிங்கம் ஒண்டை வாய்பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

"உந்தச் சிங்கம் எந்தக் காலத்ததா இருக்குமடி?"

"எந்தக் காலத்ததா இருந்தால் உனக்கென்ன? மீன் பழுதாப்போகுது, நடவடி!"

சின்யோராட்டையும் கேப்பாள், இந்தப் படி ஆர் கட்டினது, அந்த வளைவு ஆர் கட்டினதெண்டு. "பழசு, வசந்தா, நல்ல பழசு" எண்டு சின்யோரா கையை ஆட்டிவிடுவா. நான் பின்னாலை நிண்டு சிரிப்பன். படி கழுவிறவளுக்குப் படி கட்டினவன்ரை பேர் என்னத்துக்கு?

பேந்து வந்தது பாஸ்போட்டுக் கதை. பெர்மெஸ்ஸோவை, தங்கிற அனுமதியை, புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலிலை கால் கடுக்க நிண்ட காலத்திலை எங்களுக்கிருந்த கனவெல்லாம் இத்தாலிப் பாஸ்போட்தான். அதுக்குப் பத்து வருஷம் இடைவெளி இல்லாமல் ரெசிதென்சா இருக்கோணும். இன்ன வீட்டிலை இன்னார் இருக்கினமெண்ட பதிவுதான் அது. இவருக்கு மொண்டெல்லோக் கடற்கரையிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவிற வேலை கிடைச்சுது, தங்கிறதுக்குப் பின்னறையும் தந்தினம். பழைய வீட்டை விட்டிட்டுப் போனம். "புது விலாசத்தைக் கையோடை பதிஞ்சுபோடு" எண்டு வசந்தா படிச்சுப் படிச்சுச் சொன்னவள். "உதுக்கெல்லாம் ஆர் போய் லைனிலை நிக்கிறது" எண்டு சொன்னது இந்த வாய்தான். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு போய்ப் பாத்தால் எங்கடை பேரை எப்பவோ வெட்டியாச்சு. பத்து வருஷமும் திரும்ப ஒண்டிலை இருந்து.

வசந்தா ஆக்கள் பாஸ்போட் எடுத்த கையோடை இங்கிலாந்துக்குப் பறந்திச்சினம். எங்கடை கையிலை பாஸ்போட் வரேக்கை இங்கிலாந்து ஐரோப்பாவோடை கோவிச்சுக்கொண்டு கதவைச் சாத்திப்போட்டுது. இப்ப நாங்கள் போய்ப் பாத்திட்டு வரலாம். இருக்கேலாது. பிழை என்ரைதான், எனக்குத் தெரியும். பிழை என்ரையெண்டு தெரிஞ்சால் பொறாமை குறையுமெண்டு நினைக்காதையுங்கோ. கூடத்தான் செய்யும்.

3

லண்டனிலை எங்கடை சனத்துக்கு நடுவிலை போய் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிராது. அவள் போனது எங்கடை முகமே இல்லாத ஒரு கிராமத்துக்கு. தபால் வேலையும் சேந்த ஒரு சின்னக் கடை எடுத்தினம். முத்திரை வாங்க வந்த கிழடுகட்டையளோடை கதைச்சுக் கதைச்சு அந்த ஊர்ச் சரித்திரம் முழுக்க அவளின்ரை வாய்க்குள்ளை போய்ச்சேந்துது.

கிழமைக்கு ஒருக்கால் படம் வரும். இது நானூறு வருஷத்துப் பாலம். இது தண்ணியிலை சுத்தின மா ஆலை. இது அலைஞ்ச மாட்டைப் பிடிச்சுக் கட்டின பட்டி, அதுக்கும் ஒரு பலகை. ஒருக்கால் வெறும் புல்லு மேடு ஒண்டு வந்தது. கோட்டை இல்லை, கோட்டை இருந்த இடமாம். புல்லுக்குப் பலகை வைச்சிருக்கினம்! நான் ஒவ்வொண்டுக்கும் பெருவிரலைத் தூக்கிக் காட்டிற படத்தை அனுப்பிப்போட்டுச் சின்யோராவின்ரை குளிக்கிற அறையைத் தேய்ப்பன். அண்டைக்கெல்லாம் அந்த அறை பளிங்கு மாதிரி இருக்கும். இவர் ஒருநாள் பகிடியாச் சொன்னார், "உன்ரை கண் பட்டே அந்தப் பாலம் இடிஞ்சு விழப்போகுது" எண்டு.

போன வருஷம் அவளே கூப்பிட்டாள். வருஷத்திலை ஒருநாள் அந்த ஊரின்ரை பழைய இடமெல்லாத்தையும் திறந்துவிட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு காட்டுவினமாம். அந்த முறை கூட்டிக்கொண்டு போற பொறுப்பை ஊர்ச் சரித்திரக் குழு வசந்தாவுக்குக் குடுத்திட்டுதாம். "எனக்கு நெஞ்சு இடிக்குதடி. நீ பக்கத்திலை நிண்டால் பயமில்லாமல் கதைப்பன். வா." இவருக்கு மொண்டெல்லோவிலை வேலை. நானும் மதுவும் போனம்.

போன முதல் நாளே எங்களைச் சுத்திக் காட்டினாள். மது வாயைப் பிளந்துகொண்டு அவளுக்குப் பின்னாலை போனாள். என்ரை மகள்! பள்ளிக்கூடத்திலை இண்டைக்கு என்ன நடந்ததெண்டு கேட்டால் "நியெந்தே" எண்டு, ஒண்டுமில்லையெண்டு, அறைக் கதவைச் சாத்திற பிள்ளை. அங்கை ஒரு மாட்டுப்பட்டிக்கு முன்னாலை நிண்டு அஞ்சு கேள்வி கேக்குது. பாலத்தடியிலை இருந்துகொண்டு வசந்தாவுக்குச் சொல்லுது, எங்கடை வீட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய தேவாலயத்தின்ரை தூணிலை அரபு எழுத்து வெட்டியிருக்காம், முந்தி அது பள்ளிவாசலாம்.

"உதேன் எனக்குச் சொல்லேல்லை?" எண்டன்.

"நீங்கள் கேக்கேல்லையே, அம்மா."

வசந்தா எனக்காகப் பேச்சை மாத்தினாள். அதுவும் எனக்குப் பிடிக்கேல்லை. என்ரை பிள்ளையின்ரை வாயை அவள் திறப்பாளாம், நான் எரிச்சல்படாமல் இருக்க அவளே பேச்சையும் மாத்துவாளாம்.

கடைசியாத் தேவாலயம். கதவுத் திறப்பு அவளின்ரை கையிலை. கம்பளத்தைச் சுருட்டி அந்தப் பிரபுவையும் சீமாட்டியையும் காட்டினாள். ரெண்டும் அடிப்பிடிச்ச சட்டி மாதிரிக் கறுப்பு. நான் குனிஞ்சன்.

"தொடாதையடி," எண்டாள். "தண்ணிகூடப் படக்கூடாது. இந்தக் கறுப்புத்தான் இதைக் காப்பாத்திற தோல்."

இதை நான் கேட்டனான். காதாலை வடிவாக் கேட்டனான்.

4

அடுத்த நாள் பின்னேரம், திறந்துவிடுற நாளுக்கு முதல் நாள், தேவாலயத்தைக் கூட்டித் துடைக்க அவளுக்கு உதவிக்குப் போனன். அரை மணித்தியாலத்திலை கடையிலை சாமான் வந்திறங்கிச்செண்டு அவள் ஓடவேண்டி வந்தது. மதுவும் அங்கை கடையிலைதான் நிண்டாள். "கதிரையளை மட்டும் துடைச்சுவிடு, வாறன்" எண்டிட்டு வசந்தா போனாள்.

நான் தனிய நிண்டன். கதிரை துடைச்சு முடிஞ்சுது. கம்பளம் சுருட்டினபடி கிடந்தது. அந்த ரெண்டு கறுப்பு உருவமும் என்னைப் பாத்துக்கொண்டு கிடந்தினம். நாளைக்கு ஊரே வரப்போகுது, இது இப்பிடிக் கிடக்குது. என்ரை கை துடிச்சுது. கையை மட்டும் குற்றம் சொல்லிப்போட்டுத் தப்பலாம். ஆனால் உண்மை வேறை. நாளைக்கு எல்லாரும் வசந்தாவைப் பாப்பினம். அவள் கதைப்பாள், என்ரை பிள்ளை கேப்பாள், நான் ஒரு மூலையிலை பையை வைச்சுக்கொண்டு நிப்பன். இங்கிலீசிலை எனக்கு நாலு சொல்லுத்தான். ஆனால் பித்தளை மினுக்க எனக்குப் பாஷை தேவையில்லை. "இதை ஆர் இப்பிடி மினுக்கினது?" எண்டு ஒரு வெள்ளைக்காரன் கேட்டால் போதும். மது திரும்பி என்னைப் பாப்பாள்.

வசந்தா வீடு ரெண்டு நிமிஷ நடை. குசினி அலுமாரியிலை புளி இருந்தது. உப்பு, பழந்துணி, வாளி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து முழங்காலிலை இருந்தன். சீமாட்டியின்ரை முகத்திலை துவங்கினன். புளியும் உப்பும் பட்ட உடனை கறுப்பு இளகி ஓடிச்சுது. மூக்கு வந்தது, கும்பிட்ட கை வந்தது, சட்டை மடிப்பு வந்தது, காலடியிலை ஒரு சின்ன நாய்க்குட்டிகூட வந்தது. என்ரை சிவனே, என்ன வடிவு! கனகாலத்துக்குப் பிறகு எனக்கு உள்ளுக்கை குளிர்ந்துது.

மனிசி முடிஞ்சுது. பிரபுவுக்குப் புதுத்தண்ணி வேணுமெண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனன். திரும்பி வாசலுக்கு வரேக்கை உள்ளுக்கை மூண்டுபேர் நிக்கினம். தேவாலயத்துக்குப் பொறுப்பான டேவிட் எண்ட மனிசன், வசந்தா, மது.

ஒரு சிசிலிக்காரன் எண்டால் பலெர்மோ வுச்சீரியாச் சந்தை மட்டும் கேக்கக் கத்தியிருப்பான். இந்த ஒல்லி மனிசன் தலையிலை கையை வைச்சுக்கொண்டு "ஓ டியர்" எண்டார். அவ்வளவுதான். பேந்து இங்கிலீசிலை என்னவோ கேட்டார், ஆர் செய்ததெண்டுதான் இருக்கும். வசந்தா சீமாட்டியைப் பாத்தாள். பேந்து திரும்பி, வாசலிலை வாளியோடை நிண்ட என்னைப் பாத்தாள். அவளின்ரை முகம் வெளிறிப்போய் இருந்தது. பேந்து, சீமாட்டியை விட்டுக் கண்ணை எடுக்காத டேவிட்டிட்டைத் திரும்பினாள்.

"ஐ டிட் இட்," எண்டாள். "சொறி, டேவிட்."

தான்தான் செய்ததாம். உது விளங்காத அளவுக்கு என்ரை இங்கிலீசு மோசமில்லை. வாயைத் திறந்து இல்லையெண்டு சொல்ல ஒரு சொல்லுப் போதும், அதுவும் எனக்குத் தெரியும். நான் வாளியைக் கீழை வைச்சன். அதைத்தான் செய்தன். மது என்னையே பாத்துக்கொண்டு நிண்டாள்.

அடுத்த நாள் சனத்தைக் கூட்டிக்கொண்டு போனது டேவிட். வசந்தா மண்டபத்திலை தேத்தண்ணி ஊத்தினாள். நான் பக்கத்திலை நிண்டு கோப்பை கழுவினன். அவள் ஒரு சொல்லு என்னை ஏசேல்லை. விமானத்திலை மது மூண்டு மணித்தியாலம் ஜன்னலைப் பாத்துக்கொண்டு வந்தாள். பலெர்மோவிலை இறங்கினாப் பிறகு "ஆமுனீ" எண்டாள், போவம் வாங்கோவெண்டு. அதுக்குப் பிறகு வீட்டிலை "நியெந்தே"யும் குறைஞ்சுபோச்சு.

5

ஒரு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என்னாலை அவளுக்கு அந்தப் பொறுப்புப் போச்செண்டு நினைச்சு நினைச்சு, அவள் போன் எடுத்தால் வேலையிலை நிக்கிறனெண்டு வைச்சிடுவன். படம் வந்தால் பெருவிரலும் போடமாட்டன். சின்யோராவின்ரை கைபிடியளை மினுக்கேக்கை புளி மணக்கிற மாதிரி இருக்கும், அந்த வீட்டிலை புளியே இல்லை.

இப்ப பாத்தால் அவளைத் திரும்பவும் அந்தப் பொறுப்புக்கு எடுத்திருக்கினம். அந்த ஊரிலை ஆக்கள் முதல் பாக்கிற சாமானே மினுங்கிற சீமாட்டிதானாம், வீடியோவோடை வசந்தா எழுதினதை மது வாசிச்சுச் சொன்னாள். பாலத்தையும் மேட்டையும் விட்டிட்டு அதைத்தான் கேட்டு வருகினமாம். வீடியோவிலை டேவிட் பக்கத்திலை நிண்டு சிரிக்கிறார். ஒரு வருஷம் நான் அழுதது வீண். என்ரை கையாலை செய்தது அந்த ஊர்ச் சரித்திரத்திலை ஏறிப்போச்சு, அதுவும் அவளின்ரை பேரிலை!

வெங்காயத்தை அப்பிடியே போட்டிட்டு அவளுக்குப் போன் அடிச்சன். கடை பூட்டிற சத்தம் கேட்டுது.

"அது நானெல்லோ செய்தது!" எண்டன். சுகம்கூட விசாரிக்கேல்லை.

"ஓம். நீதான்," எண்டாள். "அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

எனக்குக் கனக்கச் சாட்டு இருந்தது. இங்கிலீசு தெரியாது, பயந்திட்டன், பிள்ளை நிண்டது. ஆனால் வாயிலை வந்தது இதுதான்:

"டேவிட் தலையிலை கைவைக்க, உன்ரை முகம் வெளிறிப்போச்சு, வசந்தா. அதைப் பாக்க எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தது. இவளுக்கு இருந்ததெல்லாம் போகட்டுமெண்டு நினைச்சனான். பொறாமையடி. வேறை ஒண்டுமில்லை."

அங்காலை ஆரோ கடைக் கதவைத் தட்ட, "பூட்டியாச்சு, நாளைக்கு வாங்கோ" எண்டு இங்கிலீசிலை சொல்லி அனுப்பினாள்.

"தெரியும்," எண்டாள் பேந்து. "வாசலிலை வாளியோடை நிண்ட உன்ரை முகத்தைக் கண்டனான்."

"கண்டிட்டோ நீ செய்ததெண்டு சொன்னனீ?"

"பின்னை என்ன செய்ய? நீ ரெண்டு நாளிலை போறவள். உன்னை ஏசி அவைக்கு என்ன லாபம்? ஊரிலை ஒரு பிழை நடந்தால், நிண்டு ஏச்சு வாங்க ஒரு ஊராள் வேணுமெல்லே. நான் இந்த ஊராள்."

அவள் அதைப் பெருமைக்குச் சொல்லேல்லை. கடைத் திறப்பு எங்கையெண்டு சொல்லுற குரலிலை சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டுது. இருபத்திரண்டு வருஷம் இஞ்சை இருக்கிறன். பெர்மெஸ்ஸோ இருந்தது, ரெசிதென்சா வெட்டுப்பட்டுத் திரும்ப வந்தது, இப்ப பாஸ்போட்டும் இருக்குது. இந்த நகரத்திலை ஒரு கல்லுக்கு ஒண்டு நடந்தால், "ஏன் இப்பிடிச் செய்தனீ" எண்டு ஒருத்தரும் என்னட்டை வந்து கேக்கமாட்டினம்.

வாற வருஷம் வரச்சொன்னாள். நான்தான் செய்ததெண்டு அந்தச் சனத்துக்கு முன்னாலை நான் சொல்லவேணுமாம், மது இங்கிலீசிலை மாத்துவாளாம். புளியை மட்டும் முதலே ஒளிச்சுவைச்சிடுவாளாம். சரியெண்டு போனை வைச்சன்.

திரும்பிப் பாத்தால் மது குசினி வாசலிலை நிக்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையிலை இருந்து மிச்ச வெங்காயத்தை வெட்டத் துவங்கினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

"அன்ரி கடைசியா என்ன சொன்னவா?"

"தான் அந்த ஊராளாம்."

"ஓம்தானே," எண்டாள் மது. வெட்டுறதை நிப்பாட்டி என்னை ஒருக்கால் பாத்தாள். "ஏன், அதுக்கும் உங்களுக்கு எரியுதோ?"

"எரியுது," எண்டன்.